வீட்டு டெலிபோன் பாயின்ட்டை நீங்களே போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் காலத்தில் லேண்ட்லைன் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள், எங்கள் எலெக்ட்ரிக்கல் கடை கவுண்டரில் வந்து நின்று பார்க்கலாம். பழைய நம்பரை விட மனமில்லாதவர்கள், கிளினிக் வைத்திருப்பவர்கள், செல்போன் சிக்னல் எட்டாத கீழ்த்தளக்காரர்கள், ஃபைபர் நெட்டோடு சேர்ந்து வந்த போன் நம்பரைச் சும்மா விடுவானேன் என்று நினைப்பவர்கள் என ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வருபவர்கள் வேறு, சந்தேகங்கள் மட்டும் அதே. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கவுண்டரில் சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே கொடுத்திருக்கிறேன்.

“போன் பாயின்ட்டை நாமே போட்டுக்கலாமா? டெலிபோன் ஆபீஸ்காரங்க ஏதாவது சொல்வாங்களா?”

வீட்டுக்குள் தாராளமாகப் போடலாம். கம்பத்திலிருந்தோ பல வீட்டு லைன்கள் பிரியும் தெருவோர டிபி பெட்டியிலிருந்தோ வரும் கறுப்பு டிராப் ஒயர் உங்கள் வீட்டில் ஓரிடத்தில் வந்து முடியும். வாசல் நிலைக்கு மேலேயோ ஹால் ஜன்னல் ஓரத்திலோ ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். ரோசெட் என்பார்கள், எல்ஜேயு என்பார்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் அதை ‘முதல் பெட்டி’ என்று சொல்லப் போகிறேன்.

முதல் பெட்டி வரைக்கும் லைன்மேன் பாடு. அதைத் தாண்டி அறைகளுக்குப் போகும் ஒயர் உங்கள் பாடு. டிராப் ஒயரை வெட்டுவது, நீட்டுவது, கம்பத்துப் பெட்டியைத் திறப்பது இதெல்லாம் வேண்டாம். அந்தப் பெட்டியில் பக்கத்து வீட்டு லைனும் இருக்கும். கை பட்டு அது செத்துப் போனால் தெருவில் பெயர் கெட்டுவிடும்.

“அண்ணே, இதுல கரன்ட் அடிக்குமா?”

லைன் சும்மா இருக்கும்போது இரண்டு கம்பிகளுக்கும் நடுவே சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து வருகிறது. காய்ந்த விரலில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் யாராவது அந்த நேரம் பார்த்து உங்களுக்குப் போன் போட்டால், மணி அடிப்பதற்காக 75 வோல்ட் அளவில் ஏசி அதன் மேலேறி வரும். அது சுளீர் என்று அடிக்கும். ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இல்லை என்றாலும், ஸ்டூல் மேல் நின்றுகொண்டு துள்ளினால் ஸ்டூலிலிருந்து விழுவீர்கள்.

அதனால் முதல் பெட்டியில் டிராப் ஒயரின் இரண்டு கம்பிகளையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். அந்தப் பெட்டியிலேயே வேலை என்றால் வேறொரு போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுங்கள். லைன் பிஸியாக இருக்கும், மணி வராது, வோல்டேஜும் 10-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

இன்னொன்று. கரன்ட் பார்க்கும் டெஸ்டர் 48 வோல்ட்டில் எரியாது. மணி வரும்போது லேசாக மின்னினாலும் மின்னும். ஆனால் போன் கம்பியில் டெஸ்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ வீட்டுக் கரன்ட் போன் ஒயரில் கலந்திருக்கிறது. கையை எடுத்துவிட்டு மெயினை அணையுங்கள். அதற்கப்புறம் எலெக்ட்ரீஷியன் வேலை, உங்கள் வேலை இல்லை.

“என்னென்ன வாங்கிட்டுப் போகணும்?”

எத்தனை பாயின்ட்டோ அத்தனை ஆர்ஜே11 பெட்டி (போன் பின் சொருகும் துளை உள்ளது), தேவையான நீளத்துக்கு ஒயர், ஒயர் கிளிப், சின்ன ஸ்க்ரூடிரைவர், ஒயர் உரிக்க ஒரு ஸ்ட்ரிப்பர். இதோடு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. மல்டிமீட்டர் எதற்கு என்று எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். கீழே பழுது பார்க்கும் கேள்விகளைப் படித்தால் தெரியும்.

பெட்டி வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே திருகாணிகள் பித்தளையா, சும்மா மெருகு போட்ட இரும்பா என்று காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரி கடலோர ஊர்களில் இரும்புத் திருகாணி ரொம்ப நாள் தாங்காது.

“வீட்ல மிச்சம் கிடக்கற கரன்ட் ஒயர் போதாதா? போன் ஒயருன்னு தனியா வாங்கணுமா?”

கரன்ட் ஒயரிலும் போன் பேசும். பேச்சோடு இரைச்சலும் வரும். போன் ஒயரில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கியிருப்பார்கள். அக்கம்பக்கத்துக் கரன்ட் ஒயரிலிருந்து வரும் ‘உம்ம்ம்’ இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால், போனில் அது கழிந்துவிடும். முறுக்கு இல்லாத ஒயரில் ஒரு கம்பியில் கூட, ஒரு கம்பியில் குறைய ஏறி, மிச்சம் உங்கள் காதுக்கு வந்துவிடும்.

0.5 மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி உள்ள இரண்டு ஜோடி டெலிபோன் கேபிள் போதும். என்னைக் கேட்டால் கேட்5இ அல்லது கேட்6 நெட்வொர்க் கேபிளையே இழுத்துவிடுங்கள் என்பேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நாளைக்கு அதே ஒயரில் நெட் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. திருகாணியில் இறுக்கி இரண்டு தடவை அசைத்தால் முறிந்துவிடும்.

“போனோட வர்ற தட்டையான ஒயரை வெட்டி நீட்டிக்கலாமே?”

அதை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பது கம்பியே இல்லை. நூலிழைகளின் மேல் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றியிருப்பார்கள், வளைந்து கொடுப்பதற்காக. திருகாணிக்கு அடியில் வைத்தால் நூல்தான் மாட்டும், செம்பு நழுவிவிடும். அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாதம் செய்யாது. அந்த ஒயர் பெட்டியிலிருந்து போன் வரைக்கும் மட்டும். சுவர் ஓரமாக ஓட்டுவதற்கு மேலே சொன்ன ஒயர்தான்.

“பெட்டியைத் திறந்தா நாலு கலர் கம்பி இருக்கு. எதை எதோட சேர்க்கறது?”

ஒரு லைனுக்கு இரண்டே கம்பிதான். ஆர்ஜே11 பெட்டியில் நடுவில் உள்ள இரண்டு பின்களுக்குப் போவது சிவப்பும் பச்சையும். உங்களுக்கு வேண்டியது அவைதான். சில பெட்டிகளில் எல்1, எல்2 என்று எழுதியிருக்கும், அதுவும் இதுவே. கறுப்பும் மஞ்சளும் ஓரத்துப் பின்களுக்குப் போகின்றன. இரண்டாவது லைன் இருந்தால்தான் அவற்றுக்கு வேலை.

கேட்5இ இழுத்திருந்தால் நீலத்தையும் வெள்ளை-நீலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியம், ஒரே முறுக்கில் உள்ள இரண்டையும் எடுக்க வேண்டும். நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று என்று எடுத்தால் முறுக்கின் பலன் போய்விடும். மற்ற கம்பிகளை வெட்டிவிட வேண்டாம், சுருட்டிப் பின்னால் வைத்துவிடுங்கள். ஒரு கம்பி போனால் இன்னொரு ஜோடி தயாராக இருக்கும்.

“ரெண்டையும் மாத்திக் கொடுத்துட்டா போன் எரிஞ்சுடுமா?”

எரியாது. இப்போது விற்கும் போன்களில் உள்ளேயே டையோடு பாலம் இருப்பதால் எது பிளஸ் எது மைனஸ் என்று அவை கவலைப்படுவதில்லை. ரொம்பப் பழைய பட்டன் போன் சிலவற்றில் மட்டும், மாற்றிக் கொடுத்தால் டயல் டோன் வரும், நம்பர் அழுத்தினால் சத்தம் வராது. அப்படி இருந்தால் இரண்டு கம்பியையும் இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

இருந்தாலும் வீடு முழுக்க ஒரே முறையில் போடுவது நல்லது. மீட்டரில் பார்த்து மைனஸ் வரும் கம்பியைச் சிவப்போடு சேர்ப்பது வழக்கம். ஆம், மைனஸ்தான். எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் பிளஸ் பக்கத்தைத்தான் எர்த் செய்திருப்பார்கள். லைன் மைனஸ் 48-ல் இருந்தால் மண்ணுக்குள் ஓடும் செம்புக் கேபிள் அரிப்பது குறைவு என்பது அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்த விஷயம்.

“சரி, இப்ப புதுசா ஒரு பாயின்ட் எப்படிப் போடறது? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

முதலில் ஒயரை ஓட்டுங்கள், அப்புறம் பெட்டியை மாட்டுங்கள். பெட்டியை ஆணி அடித்து வைத்துவிட்டு ஒயர் எட்டவில்லை என்று வந்து நிற்பவர்கள் நிறைய. முதல் பெட்டியிலிருந்து புது இடம் வரை, சுவரின் அடிப்பட்டை ஓரமாகவோ பைப்புக்குள்ளோ கொண்டு போய், இரண்டு முனையிலும் ஒரு சாண் மிச்சம் விடுங்கள். பின்னால் ஒரு முனை முறிந்தாலும் வெட்டிப் புதிதாக உரிக்க அந்த மிச்சம் உதவும்.

மேலுறையை நாலு விரல் அளவு உரியுங்கள். உள் கம்பியின் தோலை ஒரு சென்டிமீட்டர் மட்டும். ஸ்ட்ரிப்பரை அழுத்திக் கம்பியில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில்தான் பின்னால் முறியும், வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். உரித்த முனையைச் சின்னக் கொக்கியாக வளைத்து, திருகாணி இறுகும் திசையிலேயே, அதாவது வலப்பக்கமாக, வைத்து இறுக்குங்கள். எதிர்த் திசையில் வைத்தால் இறுக்க இறுக்கக் கம்பி வெளியே வரும். தோல் திருகாணிக்கு அடியில் சிக்கக் கூடாது. வெறும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. திருகாணி இல்லாமல் இரண்டு தகடுகளுக்கு நடுவே கம்பியை அழுத்திச் சொருகும் பெட்டியும் உண்டு. அதில் தோலை உரிக்கவே கூடாது, அதற்கென்றே உள்ள க்ரோன் டூல் என்ற அழுத்துக் கருவியை வைத்து அழுத்தினால் தகடே தோலைக் கிழித்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் தகடு விரிந்துவிடும், அப்புறம் எந்தக் கம்பியையும் பிடிக்காது.

புதுப் பெட்டி முனையை முடித்த பிறகு முதல் பெட்டிக்கு வாருங்கள். டிராப் ஒயரை மாட்டும் முன் மீட்டரை ஓம் நிலையில், மெகா ஓம் அளவில் வைத்து, போன் எதுவும் சொருகாமல், நீங்கள் இழுத்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே பாருங்கள். மீட்டர் ‘ஓஎல்’ என்றோ இடது ஓரத்தில் வெறும் 1 என்றோதான் காட்ட வேண்டும், வேறு எண் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ ஆணி துளைத்திருக்கிறது அல்லது கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. சுத்தமாக இருந்தால் டிராப் ஒயர் இருக்கும் அதே இரண்டு திருகாணிகளில் புது ஒயரையும் சேர்த்து இறுக்குங்கள். போனைச் சொருகி டயல் டோன் கேளுங்கள், செல்போனிலிருந்து அழைத்து மணியும் அடிக்கிறதா பாருங்கள். டோன் வந்தால் போதும் என்று மூடிவிடாதீர்கள்.

“கரன்ட் பைப்பு ஏற்கனவே இருக்கே, அதுலயே இழுத்துடலாமா?”

கூடாது. இரைச்சல் வரும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், பைப்புக்குள் கரன்ட் ஒயரின் தோல் எங்காவது உரிந்தால் 230 வோல்ட் நேராகப் போன் ஒயருக்கு வந்துவிடும். ரிசீவரைக் காதில் வைத்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது.

தனிப் பைப்பு போடுங்கள். சுவர் மேலே ஓட்டினால் கரன்ட் ஒயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் நேர்க் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்தில் இணையாக ஓட வேண்டாம்.

“ஒரு லைன்ல எத்தனை போன் மாட்டலாம்?”

பேசுவதற்கு எத்தனை வேண்டுமானாலும். மணி அடிப்பதில்தான் கணக்கு. மணிக்கு வரும் சக்தியை எல்லாப் போனும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சில போன்களின் அடியில் ஆர்இஎன் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், மணிக்கு அந்தப் போன் எடுக்கும் பங்கு அது. பழைய, உள்ளே நிஜ மணி உள்ள போன் ஒன்று என்றால் 1. இப்போதைய போன்கள் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. மொத்தம் மூன்று அல்லது நான்குக்குள் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. கூடிப் போனால் மணி மெலிந்து ஒலிக்கும், அல்லது ஒரு போன் அடித்து இன்னொன்று அடிக்காது.

ஹாலில் பேசுவது பெட்ரூமில் கேட்கிறதே என்பார்கள். இணையாகப் போட்டால் கேட்கத்தான் செய்யும். அது பிடிக்காவிட்டால் முதல் பெட்டியில் ஒரே ஒரு கார்ட்லெஸ் போனை மாட்டி, கூடுதல் ஹேண்ட்செட் உள்ள மாடலாக வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், இரண்டு அறை வீட்டில் பலருக்கு ஒயரே இழுக்க வேண்டியதில்லை. ஒயர் விற்கும் நானே இதைச் சொல்கிறேன்.

“ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முதல் பெட்டியிலேர்ந்து தனி ஒயரா, இல்ல ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போகலாமா?”

போனுக்கு மட்டும் என்றால் எப்படியும் வேலை செய்யும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனால் ஒயர் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு திருகாணி தளர்ந்தால் அதற்கப்பால் உள்ள எல்லாம் செத்துவிடும். தனித்தனியாகப் போட்டால் பழுது எந்தக் கிளையில் என்று முதல் பெட்டியிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடித்துவிடலாம். புதுவீடு கட்டுபவர்களுக்கு நான் சொல்வது தனித்தனி.

“டயல் டோன் வரலை. லைன் கோளாறா, என் ஒயர் கோளாறான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

முதல் பெட்டிக்குப் போங்கள். உங்கள் உள் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டிராப் ஒயரின் இரண்டு கம்பிகளில் மட்டும் மீட்டரை 200 வோல்ட் டிசியில் வைத்துப் பாருங்கள். 48-க்குப் பக்கத்தில் காட்டினால் லைன் உங்கள் வாசல் வரை வந்துவிட்டது. அந்த இடத்திலேயே நல்ல போன் ஒன்றை மாட்டி டோன் வருகிறதா பாருங்கள். வந்தால் குற்றவாளி வீட்டுக்குள். பூஜ்யம் காட்டினால் வெளியே. புகார் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எவ்வளவு ஒயரை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

வீட்டுக்குள் என்றால் ஒவ்வொரு கிளையாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் 48 சட்டென்று பத்துக்கோ பூஜ்யத்துக்கோ விழுகிறதோ அதில்தான் ஷார்ட். வோல்டேஜ் விழவில்லை, ஆனால் அந்த அறைப் போன் மட்டும் ஊமை என்றால் கம்பி எங்கோ விட்டுப் போயிருக்கிறது. ஏதாவது ஓர் அறையில் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருந்தாலும் இதே 10 வோல்ட்தான் வரும். சுவரை உடைக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

“மழை பெஞ்சா மட்டும் கொரகொரன்னு சத்தம்.”

ஈரம் எங்கோ இணைப்புக்குள் போகிறது. மேலே சொன்ன மாதிரி உள் ஒயரைக் கழற்றி முதல் பெட்டியில் நேராகக் கேளுங்கள். அங்கேயும் கொரகொர என்றால் டிராப் ஒயர் அல்லது கம்பத்துப் பெட்டி. லைன்மேனிடம் ‘முதல் பெட்டியிலேயே சத்தம் வருது, உள்ளே கழற்றிப் பார்த்துட்டேன்’ என்று சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம், சீக்கிரம் வருவார்.

முதல் பெட்டி வெளிச்சுவரில் இருந்தால் அதைத் திறந்தாலே காரணம் தெரியும். திருகாணியைச் சுற்றிப் பச்சையாகப் பொடி பூத்திருக்கும், சில நேரம் எறும்பு கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டை இருக்கும். பச்சை பூத்த முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதைவிட வெட்டிவிட்டுப் புது முனை உரிப்பது நல்லது. ஒயர் பெட்டிக்குள் மேலிருந்து நுழைந்தால் மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வரும். கீழே இறக்கி, ஒரு வளைவு கொடுத்து, அடியிலிருந்து நுழையுங்கள். வெளியே ஒயரை ஒட்டியே ஆக வேண்டும் என்றால் டேப் சுற்றாமல் ஜெல்லி கனெக்டர் வாங்குங்கள். இரண்டு கம்பியையும் சொருகிக் கட்டிங் பிளேயரால் அமுக்கினால் உள்ளிருக்கும் ஜெல்லி இணைப்பை மூடிக்கொள்ளும்.

“மணி ஒரே ஒரு தடவை ‘ட்ரிங்’னு அடிச்சுட்டு நின்னுடுது. எடுத்தா ஆளே இல்லை.”

இது போன கேள்வியின் தம்பி. நீங்கள் ரிசீவரை எடுத்துவிட்டீர்கள் என்பதை எக்ஸ்சேஞ்ச் எப்படித் தெரிந்துகொள்கிறது? லைனில் டிசி மின்சாரம் ஓட ஆரம்பித்தால் எடுத்தாயிற்று என்று அர்த்தம். இணைப்பில் ஈரமோ பாசியோ இருந்தால் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கசியும். மணியின் வோல்டேஜ் வந்ததும் கசிவு கூடி, எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் ஏமாந்து மணியை நிறுத்திவிடும். அழைத்தவருக்குப் போன் எடுத்த மாதிரி இருக்கும், பேச்சு வராது.

உள் ஒயரைக் கழற்றி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மெகா ஓமில் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு கிளைக்கும் செய்யுங்கள். எண் காட்டும் கிளையில்தான் கசிவு. குளியலறைச் சுவர், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போகும் பைப்பு, இவற்றை முதலில் சந்தேகப்படலாம்.

“அதே ஒயர்ல பிராட்பேண்ட் போட்டதும் போன்ல உஸ்ஸுன்னு சத்தம், போன் எடுத்தா நெட் போயிடுது.”

செம்பு ஒயரில் வரும் பழைய ஏடிஎஸ்எல் வைத்திருப்பவர்களின் கேள்வி. பேச்சு 4 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது, நெட் 25 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரிக்கத்தான் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா. அதில் லைன், போன், மோடம் என்று மூன்று துளைகள். அதை முதல் பெட்டியிலேயே வையுங்கள். டிராப் ஒயர் லைனுக்கு, மோடம் மோடத்துக்கு, வீட்டிலுள்ள அத்தனை போன் பாயின்ட்டுகளும் ‘போன்’ துளைக்குப் பின்னால். ஒரே ஒரு போனுக்கு மட்டும் ஸ்ப்ளிட்டர் போட்டு மற்றவற்றை நேராக விட்டால் அவை நெட்டைக் கெடுக்கும்.

முனையில் எதுவும் மாட்டாமல் சும்மா தொங்கும் கிளை ஒயர்கூட நெட் சிக்னலைத் திருப்பி அனுப்பி வேகத்தைக் குறைக்கும். போனுக்கு அதனால் தொல்லையில்லை, மோடத்துக்கு உண்டு. மோடம் வரை போகும் ஒயர் கிளையே இல்லாமல் போவதுதான் சரி.

“ஃபைபர் வந்தாச்சு. பழைய சுவர் பாயின்ட்டுல எல்லாம் போன் வர வைக்க முடியுமா?”

முடியும், இப்போது அதிகம் கேட்கப்படுவதும் இதுதான். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் பின்னால் போன் என்றோ டெல் என்றோ எழுதிய ஆர்ஜே11 துளை இருக்கும். முதலில் ஒரு போனை நேராக அதில் மாட்டி டோன் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் போன் சேவையை அவர்கள் இன்னும் இயக்கிக் கொடுக்கவில்லை. ஒயரைத் தொட வேண்டாம், அவர்களைக் கூப்பிடுங்கள்.

டோன் வந்தால் அடுத்த வேலை மிக முக்கியம். முதல் பெட்டிக்குப் போய்ப் பழைய டிராப் ஒயரின் இரண்டு கம்பிகளையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். லைன் செத்துவிட்டது, இருந்தால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் யாராவது அந்த ஜோடிக்கு மறுபடி உயிர் கொடுத்தால் அங்கிருந்து வரும் 48 வோல்ட்டும் ஓஎன்டி கொடுக்கும் வோல்ட்டும் மோதும். ஓஎன்டியின் போன் துளை போய்விட வாய்ப்பு உண்டு. தெருவில் தொங்கும் ஒயர் வழியே இடி இறங்கவும் வழி திறந்தே இருக்கும்.

இதைச் செய்த பிறகு ஓஎன்டியிலிருந்து ஒரு போன் ஒயரை அருகிலுள்ள சுவர் பாயின்ட்டில் சொருகினாலே, எல்லாப் பாயின்ட்டும் இணையாக இருப்பதால், வீடு முழுக்க டோன் வந்துவிடும். பழைய ஸ்ப்ளிட்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஓஎன்டிக்கு எக்ஸ்சேஞ்ச் அளவு சக்தி இல்லை, ஆகவே எத்தனை போன் என்ற கேள்விக்குச் சொன்ன கணக்கை இங்கே இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். இரண்டு மூன்று போனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

“தாத்தா காலத்து சுத்துற போன் ஃபைபர்ல வேலை செய்யுமா?”

மணி அடிக்கும், பேசலாம், வரும் அழைப்புக்கு அருமையாக இருக்கும். நம்பர் சுற்றினால் போகுமா என்பது ஓஎன்டியைப் பொறுத்தது. சுற்றும் போன் லைனை வெட்டி வெட்டி எண்ணைச் சொல்லும், பட்டன் போன் இரட்டை ஒலியில் சொல்லும். பல ஓஎன்டிகளுக்கு இரண்டாவது மொழி மட்டுந்தான் தெரியும். நடுவில் வைக்கும் மாற்றிப் பெட்டி கிடைக்கிறது, ஆனால் அழகுக்காகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

“முன்னெல்லாம் கரன்ட் போனாலும் போன் பேசும். இப்ப ஏன் செத்துடுது?”

முன்பு மின்சாரமும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அதே ஒயரில் வந்தது. ஃபைபரில் வருவது வெளிச்சம் மட்டும். போனுக்கு வேண்டியதை உங்கள் வீட்டு ஓஎன்டிதான் தர வேண்டும், அது கரன்ட்டில் ஓடுகிறது. பெரும்பாலான ஓஎன்டிகளின் அடாப்டர் 12 வோல்ட். ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் சரியாகிவிடும். உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியரில் வாங்குங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், 108-க்கும் 112-க்கும் அந்தப் போனை நம்பியிருப்பவர்கள் இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

“சுவத்துல நெட்வொர்க் சாக்கெட்தான் இருக்கு. அதுல போன் பின் நுழையுதே, விடலாமா?”

நுழையும். ஆர்ஜே45-ன் நடுவில் உள்ள 4, 5 பின்கள் நீல ஜோடி, போனின் நடுப் பின்களுக்கு நேராக வந்து உட்காரும். ஆனால் போன் பின்னின் ஓரத்துப் பிளாஸ்டிக் 1, 8-ஆம் கம்பிகளை அமுக்கி வளைத்துவிடும். பின்னால் நெட் ஒயர் சொருகினால் பிடிக்காது. போனுக்கென்றே அந்தச் சாக்கெட்டை விடுவதானால் பரவாயில்லை. மறுமுனை நெட்வொர்க் ஸ்விட்சில் போய் முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மணி வோல்டேஜ் ஸ்விட்சுக்குள் போகக் கூடாது.

“இடி இடிச்சா போனைக் கழட்டணுமா?”

கழற்ற வேண்டும், இடி பக்கத்தில் வருவதற்கு முன்பே. எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒவ்வொரு ஜோடிக்கும் பாதுகாப்புக் குழல் வைத்திருப்பார்கள். அது காப்பது எக்ஸ்சேஞ்சை. கம்பத்திலிருந்து வெட்டவெளியில் தொங்கி வரும் டிராப் ஒயர் உங்கள் வீட்டில்தான் முடிகிறது. போனைவிட மோடத்துக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் அது போன் ஒயரிலும் கரன்ட்டிலும் ஒரே நேரத்தில் மாட்டியிருக்கிறது. போன் துளையோடு வரும் சர்ஜ் பாதுகாப்புப் பெட்டி நல்லதுதான், ஆனால் உங்கள் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால்தான் அதற்கு வேலை. இடி நேரத்தில் ஒயர் போனில் பேச வேண்டாம், பெட்டியைத் திறந்து வேலையும் செய்ய வேண்டாம்.

“எங்க அபார்ட்மென்ட்ல இன்டர்காமும் இருக்கு. ரெண்டையும் ஒரே போன்ல எடுக்கலாம்னு ஒயரைச் சேர்த்துட்டா?”

சேர்க்கவே கூடாது. ஃபைபர் கேள்வியில் சொன்ன மோதல் இங்கேயும் அப்படியே நடக்கும். இன்டர்காம் லைனுக்கு வாட்ச்மேன் அறையில் உள்ள போர்டு தனியாக வோல்ட் கொடுக்கிறது. இரண்டும் ஒரே ஜோடியில் சேர்ந்தால் ஒன்றும் பேசாது. போர்டில் அந்த எக்ஸ்டென்ஷன் கெட்டால் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரே கேபிளில் இரண்டையும் கொண்டு போகலாம், தவறில்லை. சிவப்பும் பச்சையும் வெளி லைனுக்கு, கறுப்பும் மஞ்சளும் இன்டர்காமுக்கு. முறுக்கிய கேபிள் என்றால் ஒரு முறுக்கு இதற்கு, ஒரு முறுக்கு அதற்கு. முனையில் இரண்டு பெட்டி மாட்டி, இரண்டிலும் நடுப் பின்களுக்கே கொடுத்து, மூடி மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஒரே கருவியில் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு லைன் போன் என்றே தனியாக வருகிறது. கடையில் எப்போதும் இருக்காது, சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.